'இன்விக்டஸ்' படமும் அதில் வராத ரக்பியும்

தோழர்களே, 'இன்விக்டஸ்' திரைப்படத்தை நம் வட்டங்களில் திரையிட்ட போதெல்லாம் வாக்குவாதம் வந்திருக்கிறது. கண்கலங்கியவர்கள் ஒரு பக்கம். "27 ஆண்டு சிறையில் கிடந்தவரே மன்னித்துவிட்டார், நீங்கள் ஏன் பழையதைக் கிளறுகிறீர்கள்" என்று நம் வாயடைக்கத்தான் இந்தப் படம் பயன்படும் என்று கோபப்பட்டவர்கள் இன்னொரு பக்கம். இரண்டையும் நாம் தள்ளிவிடவில்லை. நம்முடைய வழக்கு வேறு.

1995 ஜூன் 24 அன்று ஜோகனஸ்பர்க்கின் எல்லிஸ் பார்க் மைதானத்தில் தென்னாப்பிரிக்கா நியூசிலாந்தை 15-12 என்று வென்றது. வெள்ளையரின் பெருமைச் சின்னமாக இருந்த ஸ்பிரிங்பாக் சட்டையை அணிந்து மண்டேலா கோப்பையை வழங்கினார். எல்லோருக்கும் வாக்குரிமை தந்த முதல் தேர்தல் முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அந்தச் சட்டை தேர்ந்த அரசியல் நடவடிக்கை. அதைச் சரணாகதி என்று நாம் சொல்லமாட்டோம்.

ஆனால் 2009-இல் கிளின்ட் ஈஸ்ட்வுட் எடுத்த இந்தப் படத்தின் தொடக்கக் காட்சியைப் பாருங்கள். சாலையின் ஒரு பக்கம் பசும்புல்லில் வெள்ளைப் பிள்ளைகள் ரக்பி ஆடுகிறார்கள். மறுபக்கம் புழுதியில் கறுப்புப் பிள்ளைகள் கால்பந்து ஆடுகிறார்கள். ரக்பி அவர்களுடையது, மண்டேலா பெருந்தன்மையோடு அதை ஏற்றுக்கொண்டார் என்றே கதை போகிறது. உண்மையில் கிழக்கு கேப் பகுதியின் கறுப்பு மக்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே மிஷன் பள்ளிகளில் ரக்பி கற்று, தங்களுக்கென்று சங்கங்கள் கட்டி ஆடியவர்கள். ராபன் தீவுச் சிறையிலும் கைதிகள் ரக்பி ஆடினார்கள். மண்டேலாவின் விளையாட்டுத்துறை அமைச்சர் ஸ்டீவ் ட்ஷ்வெட் அந்தத் தீவில் அடைபட்டிருந்தவர். ரக்பி என்றால் உயிர். அவர்களுக்கு மூடப்பட்டிருந்தது தேசிய அணியின் கதவு. பறித்த ஒன்றை, பறிகொடுத்தவர்களுக்கு எப்போதுமே அந்நியமாக இருந்தது போலக் காட்டினால், பறித்த குற்றமே கதையிலிருந்து காணாமல் போய்விடுகிறது.

அந்தக் கதவை உடைக்க நடந்த போராட்டமும் படத்தில் இல்லை. நிறவெறி விளையாட்டை எதிர்த்து அமைப்புக் கட்டிய கவிஞர் டென்னிஸ் புரூட்டஸ் 1963-இல் காவல்துறையால் சுடப்பட்டார், பிறகு ராபன் தீவில் அடைக்கப்பட்டார். 1970-இல் ஒலிம்பிக் இயக்கம் தென்னாப்பிரிக்காவை வெளியேற்றியது. 1981-இல் நியூசிலாந்தின் ஹாமில்டன் நகரில் மக்கள் மைதானத்துக்குள் புகுந்து ஸ்பிரிங்பாக் ஆட்டத்தை நிறுத்தினார்கள். சென்னையின் அமிர்தராஜ் சகோதரர்கள் இடம்பெற்ற இந்திய டென்னிஸ் அணியும் 1974 டேவிஸ் கோப்பை இறுதிப்போட்டியில் தென்னாப்பிரிக்காவோடு ஆடாமல் கோப்பையை விட்டுக்கொடுத்தது. (இதே மண்ணில் பல்வங்கர் பாலூ என்ற மாபெரும் தலித் பந்துவீச்சாளருக்கு, பம்பாய்ப் போட்டிகளில் ஆடிய இந்து அணியின் தலைமை கடைசிவரை தரப்படவில்லை என்பதும் நமக்கு மறக்கவில்லை.)

1995 அணியில் வெள்ளையரல்லாத வீரர் ஒருவர்தான்: செஸ்டர் வில்லியம்ஸ். புதிய தேசத்தின் முகமாக விளம்பரங்களில் அவரை நிறுத்தினார்கள். காலிறுதியில் மேற்கு சமோவாவுக்கு எதிராக நான்கு 'டிரை' அடித்தார். சக வீரர்கள் சிலர் தன்னை இனவசைச் சொல்லால் அழைத்ததை, 2002-இல் வெளியான அவரது வாழ்க்கை வரலாற்றில் சொன்னார். அதற்கு ஏழு ஆண்டு கழித்து வந்த படத்தில் அவர் கறுப்புக் குழந்தைகள் ஓடிவந்து மொய்க்கும் சிரித்த முகமாக வந்துபோகிறார். ஸ்பிரிங்பாக் அணிக்குக் கறுப்பர் ஒருவர் நிரந்தரத் தலைவராக 2018 வரை ஆனது. அந்த சியா கொலிசி கிழக்கு கேப்பின் ஸ்விடே குடியிருப்பிலிருந்து வந்தவர்.