மானியம் எந்தக் கோப்பில்?

கேமரன் மலையின் பிரிஞ்சாங் காய்கறித் தோட்டக்காரர்களிடம் மானியம் என்று வாயெடுத்தால் பேச்சு டீசலில்தான் தொடங்கும். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் லிட்டர் டீசல் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35க்கு ஏறியது. அதற்கு ஈடாக, தகுதியுள்ள சிறு விவசாயிகளுக்கு மாதம் 200 ரிங்கிட் ‘புடி’ உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. அதே மலையில் தேயிலைக் கொழுந்து பறிப்பவருக்கு அதில் இடமிருக்கவில்லை; அவர் கூலிக்காரர், விவசாயி அல்ல. சரி, தேயிலை முதலாளிகளுக்கு அரசாங்கம் எப்போதாவது கைகொடுத்ததா? அந்தக் கேள்வியோடு காலனியாட்சிக் கால அறிக்கைகளைப் புரட்டத் தொடங்கினேன்.

முதலில் விவசாய இலாகா. தேயிலை இந்தக் குளிரில் பிடிக்குமா என்று அரசாங்கச் செலவில் நட்டுப் பார்த்தது தானா ராத்தா சோதனைப் பண்ணை. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1931இல் தாப்பாவிலிருந்து சாலை மலையேறியது. பண்ணையும் சாலையும் உதவிதான், ஆனால் நான் தேடியது கைமாறிய காசு. அது தொழிலாளர் இலாகாவின் பக்கங்களில் உட்கார்ந்திருந்தது.

1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றைச் சட்டம் போட்டு உண்டாக்கினார்கள். பிற்பாடு இந்தியர் குடியேற்ற நிதி என்று பெயர். தென்னிந்தியத் தொழிலாளரை வைத்திருந்த முதலாளிகள் எல்லோரும் காலாண்டுதோறும் அதற்கு வரி கட்ட வேண்டும். ரயில்வே, பொதுப்பணி போன்ற அரசு இலாகாக்களும் விலக்கல்ல. ஏக்கரையோ விளைச்சலையோ யாரும் கேட்கவில்லை. ஆட்கள் வேலை செய்த நாட்களை எண்ணித்தான் வரி. நாகப்பட்டினம், ஆவடி முகாம்களில் சாப்பாடு, பினாங்குக்குக் கப்பல் கட்டணம், தொற்றுநோய்த் தடுப்பு முகாம் எல்லாம் இந்த நிதியிலிருந்து. ஊருக்குக் கங்காணியை அனுப்பி ஆள் கொண்டுவந்த தோட்டத்துக்குத் தலைக்கு இவ்வளவு என்று உதவித்தொகையும் உண்டு. ஆள் சேர்க்காத தோட்டமும் வரியிலிருந்து தப்ப முடியாது. அடுத்தவர் காசு போட்டுக் கூட்டிவந்த ஆளை நைசாக இழுத்துக்கொள்ளும் துரைமாரை வழிக்குக் கொண்டுவர இது நல்ல தந்திரம்.

நாட்களை எண்ணியது இப்படி: விடியற்காலைப் பெரட்டில், அதாவது ஆளெடுப்பில், தோட்டக் கணக்கரான கிராணி பெயர் கூப்பிடுவார். வந்தவருக்கு நேரே செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஒரு குறி விழும். மாதக் கடைசியில் குறிகளைக் கூட்டினால் கூலி. அதே குறிகள்தான் காலாண்டு வரிக்கும் ஆதாரம். கோலாலம்பூருக்குப் போகும் கணக்கில் முனியம்மாவும் இல்லை, மாரிமுத்துவும் இல்லை. நாட்கள் மட்டும்.

ரப்பர் விலை சரிந்த 1930 முதல் 1932 வரை, வேலையிழந்து ஊர் திரும்பியவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். கூட்டிவந்த நிதியே திருப்பி அனுப்பவும் பயன்பட்டது. கேமரன் மலையில் காடு வெட்டித் தேயிலை நட்டுக்கொண்டிருந்த வருஷங்கள் அவை! 1936 கடைசியில் இந்திய அரசாங்கம் அனுப்பிய வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரி மலாயாவுக்கு வந்து பார்த்தார். கங்காணி முறை இனி வேண்டாம் என்றது அவர் அறிக்கை. 1938 ஜூனில் இந்திய அரசாங்கம் உதவிபெற்ற குடியேற்றத்துக்குத் தடை போட்டது. ஆள் சேர்ப்பு நின்றது, நிதி நிற்கவில்லை. 1958இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்று பெயர் மாறி, 1999இல் நாடாளுமன்றச் சட்டத்தால் கலைக்கப்பட்டது. சொத்துகள் மத்திய அரசாங்கத்திடம் போயின.

முதலாளி கட்டிய காசுதானே, தொழிலாளிக்கு அதில் என்ன பாத்தியதை என்று கேட்பவர்கள் உண்டு. ரசீது முதலாளி பெயரில்தான் இருந்தது, மறுக்கவில்லை. அரசு இலாகாக்கள் கட்டிய பொதுப்பணமும் அதில் கலந்திருந்ததே, அதற்கு யார் சொந்தம்? உழைத்த நாளை அளந்து வசூலித்த பணத்துக்கு உழைத்தவர் அந்நியர் என்பது எனக்கு ஒப்பவில்லை.

அடுத்து வேண்டியது 1930களின் காலாண்டுக் கணக்குகள். கேமரன் மலைத் தோட்டங்கள் கட்டியது எவ்வளவு, ஆள் சேர்த்ததற்காகத் திரும்ப வாங்கியது எவ்வளவு என்று ஒத்துப்பார்க்க வேண்டும். ஆவணக் காப்பகத்துக்குக் கோப்பு கேட்டு எழுதும்போது இந்த முறை விவசாய இலாகாவைக் குறிப்பிடவில்லை. தொழிலாளர் இலாகா என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.