நின்ற இதயமும் நிற்காத சிரையும்

பொன்முடியிலிருந்து மலையிறங்கி ஏறத்தாழ 60 கி.மீ. வந்தால், திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரா திருநாள் மருத்துவ நிறுவனம். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை வடிகுழாய் செலுத்திச் சீராக்கும் சிகிச்சை அங்கு நடைபெறுகிறது. அச்சிகிச்சையின் முன்வரலாறு, இந்திய நாகத்தின் நஞ்சை ஆராய்ந்த இருவரைத் தொட்டுச் செல்கிறது.

கல்கத்தாவில் பணியாற்றித் திரும்பிய ஜோசப் ஃபேரரும் லண்டன் மருத்துவர் லாடர் பிரன்டனும் 1870களில் அந்நஞ்சைப் பற்றிச் சேர்ந்து எழுதியவர்கள். அவ்விருவரே 1876-77இல் ராயல் சொசைட்டி இதழில் மற்றொரு சிறு குறிப்பையும் வெளியிட்டனர்: விலங்கின் இதயம் நின்ற பின்னும் நுரையீரல் சிரைகள் தாமாகவே துடித்தன. அதன் பொருளை மருத்துவம் உணர 120 ஆண்டுகள் பிடித்தன. அதுவரை இதய மேலறை நடுக்கத்தின் மூலம் பெரும்பாலும் மேலறையிலேயே தேடப்பட்டது.

1998இல் பிரான்சின் போர்தோ நகரில் மிஷெல் ஐசகேர் குழுவினர், மருந்துக்கு அடங்காத 45 நோயாளிகளை ஆராய்ந்தனர். கண்டறிந்த 69 தூண்டுமுனைகளில் 65 அச்சிரைகளுக்குள் இருந்தன! இதயத் தசை சிரைக்குள்ளும் உறைபோல நீண்டிருப்பதே காரணம். தொடக்கத்தில் சிரைக்குள்ளேயே சுட்டனர். சிலருக்குத் தழும்பேறிச் சிரை சுருங்கியது. ஆகவே, இப்போது சிரைவாயைச் சுற்றி வளையமாகச் சுடுகின்றனர். சிரை உள்ளே துடித்துக்கொண்டே இருக்கலாம்; வளையம் முழுமையாக இருந்தால் அத்துடிப்பு இதயத்தை எட்டாது.