1999: கிடங்கு சரிந்த கிறிஸ்துமஸ்

1999 கிறிஸ்துமஸுக்கு முன் அமெரிக்க இணையக் கடைகளுக்கு, தளம் கூட்டத்தைத் தாங்குமா என்ற கவலையே பெரிதாக இருந்தது. டாய்ஸ் ஆர் அஸ் பொம்மைக் கடையின் தளம் நவம்பரில் திணறியது உண்மைதான், பின்னர் எழுந்துகொண்டது. விழுந்தது கிடங்கு. குவிந்த ஆர்டர்களைப் பொட்டலம் கட்டி அனுப்ப முடியவில்லை. பண்டிகைக்குச் சில நாட்கள் இருக்கையில், பொம்மை உரிய நேரத்தில் வராது என்று பல பெற்றோருக்கு மின்னஞ்சல் போனது. (குழந்தையிடம் யார் சொல்வது?)

2000 ஜூலையில் இந்நிறுவனம் உள்ளிட்ட ஏழு இணைய விற்பனையாளர்கள் மொத்தம் 15 லட்சம் டாலர் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டனர். அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் கையிலெடுத்த விதியோ, 1975இல் தபால்வழி விற்பனைக்காகப் பிறந்தது: தாமதமானால் வாங்கியவருக்குத் தெரிவிக்க வேண்டும், அவர் வேண்டாமென்றால் பணத்தைத் திருப்ப வேண்டும்.

அடுத்த மாதமே டாய்ஸ் ஆர் அஸ் தளத்தையும் கிடங்கு வேலையையும் அமேசானிடம் ஒப்படைத்தது. பொம்மைகளைத் தேர்ந்து கொள்முதல் செய்வதைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. பத்தாண்டு ஒப்பந்தம், 2006இலேயே நீதிமன்றத்தில் முறிந்தது.