பார்ப்பவரும் சுமப்பவரும்

கௌசானிக்குப் போறவங்க விடியலில் எழுந்து வடக்கே பார்த்து நிற்கிறார்கள். திரிசூல், நந்தாதேவி, பஞ்சசூலி என்று வரிசையாகப் பனிச்சிகரங்கள். 1929இல் காந்தி இங்கே தங்கித் தன் கீதை உரையான 'அனாசக்தி யோக'த்துக்கு முன்னுரை எழுதினார். இந்திக் கவிஞர் சுமித்ரானந்தன் பந்த் 1900இல் பிறந்த ஊரும் இதுதான். வழிகாட்டிகள் சொல்கிற வரலாறு இத்தோட முடிஞ்சுடுது.

வெள்ளைக்காரன் காலத்தில் இந்தக் குமாவுன் மலைகளைப் பார்க்க வந்த அதிகாரிகளின், பயணிகளின் மூட்டைகளை யார் தூக்கிட்டு நடந்தாங்க? சுற்றுக் கிராமத்து விவசாயிகள், கட்டாயத்தின் பேரில். சொற்பக் கூலி, அல்லது அதுவும் கிடையாது. 'கூலி பேகார்' என்று பேர். யார் முறை என்பதற்குக் கிராமத் தலைவரிடம் பதிவேடு இருந்தது. ஆக, இயற்கையை ரசிக்கும் 'பார்வை' ஒன்றும் சும்மா வந்துவிடவில்லை. அதற்கு இன்னொருவரின் முதுகு தேவைப்பட்டது.

1921 ஜனவரியில், கௌசானிக்குப் பக்கத்துப் பாகேசுவரில் உத்தராயணித் திருவிழாவுக்குக் கூடிய ஜனங்கள், பத்ரி தத் பாண்டே முதலானோர் தலைமையில், அந்தப் பதிவேடுகளைச் சரயு ஆற்றில் வீசினார்கள். அந்த முறை ஒழிந்தது.

ஆனால் விறகும் புல்லும் தண்ணீரும் பெண்கள் தலையிலேயே இருந்தன. 1946இல் சரளா பென் கௌசானியில் பெண்பிள்ளைகளுக்காக லட்சுமி ஆசிரமம் தொடங்கினார். அங்கே உருவான விமலா பகுகுணா போன்றவர்கள் பிறகு சாராய எதிர்ப்பிலும் சிப்கோவிலும் நின்றார்கள். பெண்கள் சுமந்ததற்குப் பதிவேடே கிடையாது, ஆற்றில் வீசுவதற்கு. நம்ம வரலாற்றெழுத்தும் அதைப் பதியவில்லை என்பதை யோசிக்கணும்.