சக்தி செயலிப் பலகைகளில் திறமூல நிலைபொருள்

சக்தி என்பது சென்னை ஐஐடியில் உருவான திறமூலச் செயலிக் குடும்பம். இச்செயலிகள் பொருத்திய பலகையில் மின்சாரம் பாய்ந்தது முதல் லினக்ஸ் கெர்னல் பொறுப்பேற்கும் வரை ஓடும் நிரல்களே அதன் நிலைபொருள். பேச்சில் ஃபெர்ம்வேர் என்பார்கள்.

முன்வரலாறு

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் மிட்ச் பிராட்லி ஃபோர்த் மொழியில் எழுதிய ஓப்பன்பூட் நிலைபொருள், 1994இல் ஐஇஇஇ 1275 என்ற தரமாயிற்று. எந்தச் சாதனம் எந்த முகவரியில் இருக்கிறது என்பதை மரக்கிளைகளாக விவரிக்கும் வழக்கம் அதிலிருந்து வந்ததே. இன்றைய டிவைஸ் ட்ரீ அதன் நேர் வாரிசு.

1999இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ரான் மின்னிக் லினக்ஸ்பயோஸ் என்ற திறமூல நிலைபொருளைத் தொடங்கினார். கணினிகளைக் கொத்தாக இணைத்து இயக்கும் இடத்தில், விசைப்பலகையே இல்லாத ஒரு கணினி ‘ஒரு விசையை அழுத்துக’ என்று காத்து நின்றால் வேலை நடக்காது. 2008இல் இதன் பெயர் கோர்பூட் என மாறியது. 1999இலேயே மேக்னஸ் டாம் பவர்பிசி பலகைகளுக்காக 8எக்ஸ்எக்ஸ்ரோம் என்ற பூட் நிரலை எழுதினார். 2000இல் வுல்ஃப்காங் டெங்க் அதை சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்துக்குக் கொண்டுபோனபோது, எண்ணில் தொடங்கும் பெயரைத் தளம் ஏற்காததால் அது பிபிசிபூட் ஆனது. அதிலிருந்து கிளைத்த ஆர்ம்பூட் மறுபடி அதனோடு கலந்து, 2002 நவம்பரில் யூ-பூட் பிறந்தது. கோர்பூட்டுக்கு எக்ஸ்86 கணினிகளும் குரோம்புக்குகளும் போதுமாயிருந்தன. ஒற்றைப்பலகைக் கணினிகள் யூ-பூட்டின் வசமாயின.

சக்தி

பெர்க்லியில் 2010இல் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத்தொகுதியைக் கொண்டு, பேராசிரியர் வீ. காமகோடி தலைமையிலான குழு 2014 முதல் சக்தியை வடிவமைத்தது. வன்பொருள் விவரணம் புளூஸ்பெக் மொழியில், பிஎஸ்டி உரிமத்தில் வெளியானது. 2018இல் ரைஸ்கிரீக் சில்லு இன்டெலின் 22 நானோமீட்டர் ஆலையிலும், ரிமோ சண்டிகரின் 180 நானோமீட்டர் ஆலையிலும் உருவாயின. 2020இல் வந்த மௌஷிக் சில்லுக்கென்றே ஆர்டோனிக்ஸ் 1.0 என்ற தாய்ப்பலகையும் செய்யப்பட்டது.

சில்லு கையில் இல்லாதோர் ஆர்ட்டி ஏ7 என்ற எஃப்பிஜிஏ (உள்சுற்றை மாற்றியமைக்கக்கூடிய சில்லு) பலகையில் சக்தியை ஏற்றிப் பார்க்கலாம். 32 பிட் பினாகா, 64 பிட் வஜ்ரா ஆகியன அதற்கான வடிவங்கள். அங்கே நினைவகக் கட்டுப்படுத்தி சைலிங்க்ஸ் நிறுவனத்தின் மூடிய கூறு. செயலி முழுவதும் திறந்திருந்தாலும், அங்கே இந்த ஒரு கூறு திறமூலமன்று.

இயங்கும் முறை

சில்லுக்குள் பதிந்த பூட் ரோம் முதலில் விழிக்கும். அடுத்து, ரிஸ்க்-ஃபைவின் உச்ச அதிகார நிலையில் அமர்வது ஓப்பன்எஸ்பிஐ. கெர்னல் கேட்கும் டைமர், கன்சோல் சேவைகளை அதுவே தரும். சக்தியின் சி வகைச் செயலிக்கு ஓப்பன்எஸ்பிஐயின் பொதுத்தளமே போதும். தனி நிரல் எழுத வேண்டியதில்லை. பலகையின் டிவைஸ் ட்ரீயைச் சேர்த்துத் தொகுத்தால் சரி.

சொந்தமாகப் பலகை செய்வோருக்கு உண்மையான வேலை அந்த டிவைஸ் ட்ரீ விவரணத்தில்தான் இருக்கிறது. கடிகார அதிர்வெண்ணைத் தவறாக எழுதினால் சீரியல் திரையில் குப்பை எழுத்துகள் வரும். முகவரி பிசகினால் திரை மௌனமாகிவிடும்; மௌனம்தான் கடினம், பிழை எங்கே என்று சொல்ல அதற்கு வாயில்லை. அப்போது ஜேடேக் கம்பி, ஓப்பன்ஓசிடி, ஜிடிபி ஆகிய பிழைதேடும் கருவிகள் மூன்றையும் கொண்டு செயலி எந்தக் கட்டளையில் நிற்கிறது என்று பார்ப்பார்கள்.

இன்றைய நிலை

2025 பிப்ரவரியில், இஸ்ரோவுடன் சேர்ந்து உருவாக்கிய ஐரிஸ் சில்லு சென்னையில் வெற்றிகரமாக பூட் ஆனது. இதற்கு மாறாக, மலேசிய அரசு மறுமாதம் ஆர்ம் நிறுவனத்துடன் 10 ஆண்டுகளுக்கு 25 கோடி அமெரிக்க டாலர் ஒப்பந்தம் செய்தது. அது செயலி வடிவமைப்புக்கு உரிமம் வாங்கும் வழி; சக்தியுடையது திறமூல வழி.