ஒரு கொடைக்கு மூன்று வினைகள்

ஆங்கிலத்தில் உயில் எழுதுகிறவர்கள் பல நூற்றாண்டுகளாக ஒரே வாக்கியத்தில் மூன்று வினைச்சொற்களை அடுக்கி வந்திருக்கிறார்கள்: கிவ், டிவைஸ், பிக்வீத். வீடு ஒன்று, பெறுகிற மகள் ஒருத்தி. கொடுப்பதற்கு மட்டும் ஏன் மூன்று சொற்கள்? வழக்கமாகச் சொல்லப்படும் விடை 1066இல் தொடங்குகிறது. ஹேஸ்டிங்ஸ் போரில் வென்ற நார்மானியர்கள் பிரெஞ்சு பேசினார்கள், தோற்றவர்கள் ஆங்கிலம் பேசினார்கள். இரு தரப்புக்கும் விளங்க வேண்டும் என்று சட்டம் தெரிந்தவர்கள் ஒரு மொழியின் சொல்லுக்குப் பக்கத்தில் மற்ற மொழியின் சொல்லையும் எழுதி வைத்தார்கள் என்பது அந்த விடை. இதில் பாதிதான் உண்மை என்பது என் எண்ணம். ஒரே பொருளுள்ள வினைகளை அடுக்கும் பழக்கம் இருமொழி ஆட்சிக்கு முந்தியது. ஏட்டில் ஏறுவதற்கு முன்பே அது வாய்மொழியில் வேரூன்றியிருந்தது.

பிக்வீத் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். இது சுத்தமான பழைய ஆங்கிலச் சொல். இதன் வேர்ச்சொல்லுக்குப் பொருள் 'சொல்லுதல்'. நார்மானியர் வருவதற்கு முந்தைய இங்கிலாந்தில் உயில் என்பது சாட்சிகள் முன்னால் வாய்விட்டுச் சொல்வது. அன்று சொன்ன சொல்லே சொத்தைக் கைமாற்றியது. எழுதி வைத்த தோல் அதற்கு ஆதாரம் மட்டுமே. அப்படி உரக்கச் சொல்லும்போது, கேட்டவர் மனத்தில் பதியவும், பின்னால் யாரும் மறுக்காதிருக்கவும் ஒரே கருத்தை இரண்டு வினைகளால், பெரும்பாலும் முதல் ஓசை ஒன்றிவரச் சொன்னார்கள். ஹேவ், ஹோல்ட் என்ற இணை அந்த வழக்கின் எச்சம். 'கொண்டிரு, காத்துக்கொள்' என்ற பொருளுள்ள இந்த இரண்டு வினைகளும் பழைய ஆங்கிலக் காவியமான பேவுல்ஃபிலேயே ஜோடியாக வருகின்றன. 1549இல் வெளிவந்த ஆங்கிலத் திருச்சபையின் பொது வழிபாட்டு நூலில் திருமண உறுதிமொழியிலும் இதே ஜோடி இருக்கிறது. நிலப் பத்திரங்களிலும் இருக்கிறது. இரண்டுமே ஆங்கிலச் சொற்கள். பிரெஞ்சுக்காரருக்கு விளக்கம் சொல்லும் வேலை இங்கே எதுவும் இல்லை.

மறுபக்கமும் அப்படியே. சீஸ், டெசிஸ்ட் இரண்டுக்கும் 'நிறுத்து' என்றே பொருள். குற்றத்துக்கு உடந்தையாவதைச் சொல்லும் எய்ட், அபெட் இரண்டும் ஒரே இனம். இந்த நான்கும் பிரெஞ்சு வழியாக வந்தவை. ஆங்கிலம் மட்டும் தெரிந்த குடியானவனுக்கு விளங்கவைப்பதே நோக்கம் என்றால், ஒரு பிரெஞ்சுச் சொல்லுக்கு இன்னொரு பிரெஞ்சுச் சொல்லை ஏன் துணைக்கு அழைக்க வேண்டும்? காலக்கணக்கும் பொருந்தவில்லை. வெற்றிக்குப் பின் ஆவணங்கள் பெரும்பாலும் லத்தீனில் எழுதப்பட்டன; சட்டத்தில் பிரெஞ்சு வேரூன்றியது ஹேஸ்டிங்ஸுக்கு இரண்டு நூற்றாண்டு கழித்து. 1362இல் வழக்காடுவது ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று ஆணை வந்தது. அந்த ஆணையே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது. இருமொழிச் சூழல் பழைய அடுக்குக்குப் புதுச் சொற்களைத் தந்தது என்பதை நான் மறுக்கவில்லை. அடுக்கும் பழக்கத்தைத் தந்தது அது அல்ல என்கிறேன்.

அப்படியானால் கூலி ஆசை காரணமா என்று கேட்கலாம். பக்கக் கணக்கில் கூலி வாங்கிய எழுத்தர்கள் சொற்களைப் பெருக்கியது உண்மை. 1596இல் மில்வர்ட் எதிர் வெல்டன் வழக்கில் 16 தாளில் முடிந்திருக்க வேண்டிய பதிலுரை 120 தாளுக்கு நீட்டப்பட்டிருந்தது. சான்சரி நீதிமன்றம் சினம் கொண்டு, அந்தக் கட்டின் நடுவே ஓட்டை வெட்டி, அதை எழுதிய வாதியின் மகன் தலையை அதில் நுழைத்து, எழுத்துள்ள பக்கம் வெளியே தெரிய, வெறுந்தலையோடு வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தைச் சுற்றி அழைத்துப் போகும்படி உத்தரவிட்டது. 10 பவுன் அபராதமும் விதித்தது. ஆனால் பேராசை இருந்த பழக்கத்தை வளர்க்கும். இல்லாத பழக்கத்தைப் பிறப்பிக்காது. நம் சோழர் காலக் கல்வெட்டுகளே இதற்குச் சாட்சி. நிலம் விற்றவர்கள் 'விற்று விலையாவணம் செய்து கொடுத்தோம்' என்பார்கள். இதுவே ஓலை என்று ஒருமுறை, இதுவல்லாமல் வேறு ஓலை காட்டக்கூடாது என்று இன்னொரு முறை சொல்லி, ஒரே செய்தியை உடன்பாட்டிலும் எதிர்மறையிலும் அடைப்பார்கள். நார்மானியர் காலடி படாத ஊர்களிலும் சொத்து கைமாறும்போது ஒரு சொல் போதவில்லை.

வலுவான மறுப்பு ஒன்று மிச்சமிருக்கிறது. இவை ஒருபொருள் சொற்களே அல்ல. டிவைஸ் நிலத்துக்கு, பிக்வீத் பணம், நகை, மாடு கன்றுக்கு என்று சட்டம் படித்தவர்கள் வேறுபடுத்துவார்கள். இந்த வேறுபாட்டுக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. இங்கிலாந்தின் பொதுச்சட்டம் வெகுகாலம் நிலத்தை உயிலால் கொடுக்க இடம் தரவில்லை. 1540இல் வந்த உயில் சட்டம்தான் கதவைத் திறந்தது. நிலம் ஒரு பாதையிலும் மற்றவை வேறு பாதையிலும் போனதால் வினைகளும் பிரிந்தன. ஆயினும் எழுதியவரின் நோக்கம் தெளிவாக இருந்தபோது, பிக்வீத் என்று எழுதி நிலம் கொடுத்ததையும் நீதிமன்றங்கள் செல்லும் என்றே ஏற்றன. சொல்லை வைத்துச் சொத்தைப் பறிப்பது நியாயமல்ல என்று நீதிபதிகளுக்குத் தெரிந்திருந்தது.

நம் பத்திரங்களில் இன்றும் 'ஆண்டு அனுபவித்து' என்று எழுதுகிறோம்; அந்தச் சொற்களில் பழைய வாய்மொழியின் கம்பீரம் இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த அடுக்கு இல்லாவிட்டால் உயில் செல்லாதோ என்று அஞ்சிப் பெரியவர்கள் எழுதாமலே தள்ளிப்போடுவது வேண்டாம். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 74ஆம் பிரிவில், உயிலுக்குத் தொழில்நுட்பச் சொற்கள் எவையும் தேவையில்லை, எழுதியவரின் எண்ணம் விளங்கினால் போதும் என்கிறது. யாருக்கு எதைக் கொடுக்கிறீர்கள் என்பதைத் தெளிவாக எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்திட்டு, அவர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள்.