தஞ்சை வட்டாரப் பள்ளிக் கட்டடங்கள்

பள்ளிக் கட்டடச் செலவுக்கு அமெரிக்காவில் மக்கள் வாக்களித்துக் கடன்பத்திரம் வெளியிடுவதுண்டு. தமிழகம் வேறு வழிகளில் சென்றது. 1920-ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் உள்ளாட்சிகள் கல்வி வரி விதிக்க இடமளித்தது. காமராசர் ஆட்சியில், 1958 முதல், கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் பணமும் பொருளும் வழங்கினர்.

வரியாலும் கொடையாலும் பள்ளிகள் பெருகின. ஆனால் கட்டடத்தின் பாதுகாப்பைச் சோதிப்பது தனிக் கடமை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளிச் சமையற்கூடத்தில் பற்றிய தீ, மாடி வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குப் பரவியது. 94 குழந்தைகள் மாண்டனர். அதன்பின் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது. பாதுகாப்பான பள்ளியும் கல்வி உரிமையின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது.